அணுக்கரு அசையாது என்றால் அந்த மூன்று முனைகள் எங்கிருந்து வந்தன?

கேள்வி இதுதான்: "சுங்கை சிப்பூட் பக்கம் ஒரு செம்பனை ஆலை லேப்பில் வேலை. கச்சா எண்ணெயின் டோபி (எண்ணெயை வெளுக்கும் தன்மை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் குறியீடு, 446 உறிஞ்சலை 269 உறிஞ்சலால் வகுத்தது) பார்க்க தினமும் 446, 269 நானோமீட்டர் இரண்டிலும் உறிஞ்சல் எடுக்கிறோம். ஒருநாள் 380 முதல் 520 வரை முழுதாக ஓட்டிப் பார்த்தேன். 446-இல் உச்சம், 474-இல் இன்னொரு முனை, 422 அருகே ஒரு தோள். பகுதி நேரமாகப் படிக்கும் பட்டப்படிப்பில், எலக்ட்ரான் தாவும்போது அணுக்கரு அசையாது என்று இருக்கிறது. அடுத்த பக்கத்திலேயே இந்த முனைகள் அணுக்கருக்களின் அதிர்வால் வருபவை என்றும் இருக்கிறது. அசையாதது எப்படி அதிரும்?"

தம்பி, இரண்டு வாக்கியமும் சரி. நடுவில் ஒரு வாக்கியம் விட்டுப்போயிருக்கிறது, அதனால்தான் முரண்பாடாகத் தெரிகிறது. எலக்ட்ரான் தாவும் கணத்தில் அணுக்கருக்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் தாவி முடிந்த பிறகு அந்த இடம் அவற்றுக்குப் பொருந்திய இடமாக இருப்பதில்லை. பொருந்தாத இடத்தில் நிற்பதால் தொடங்கும் ஆட்டத்தைத்தான் நாம் அதிர்வு என்கிறோம்.

நம் வீடுகளில் பிள்ளையைப் போடும் ஸ்பிரிங் தொட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். விட்டத்தில் கொக்கி, கொக்கியில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் துணி, துணிக்குள் பிள்ளை. ஆடாமல் தொங்குகிறது. யாரோ கொக்கியை மட்டும் வெடுக்கென்று நாலு விரற்கடை மேலே ஏற்றிவிட்டால்? அந்தக் கணத்தில் பிள்ளை இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதன் வேகமும் பூஜ்யம்தான். ஆனால் அது ஆடாமல் தொங்க வேண்டிய மட்டம் நாலு விரற்கடை மேலே போய்விட்டது. மறுகணமே தொட்டில் குதிக்கத் தொடங்கும். எவ்வளவு குதிக்கும் என்பதைக் கொக்கி நகர்ந்த தூரம் முடிவு செய்கிறது. மூலக்கூறில் கொக்கியும் ஸ்பிரிங்கும் எலக்ட்ரான் மேகம், பிள்ளை அணுக்கரு. எலக்ட்ரான் அமைப்பு மாறினால் பிணைப்பின் சமநிலை நீளம் மாறும் (கொக்கி நகர்கிறது), பிணைப்பின் விறைப்பும் மாறும் (ஸ்பிரிங் இளகுகிறது).

இந்தக் கருத்தை முதலில் சொன்னவர் ஜேம்ஸ் பிராங்க். ஏறக்குறைய இதே தொட்டில் பார்வையில்தான் அவரும் பார்த்தார். எட்வர்ட் காண்டன் 1926-இல் அதைக் கணக்காக்கி, 1928-இல் குவாண்டம் முறையில் எழுதினார். எலக்ட்ரானையும் அணுக்கருவையும் பிரித்துக் கணக்கிடலாம் என்ற அடித்தளத்தை 1927-இல் பார்னும் ஓப்பன்ஹைமரும் போட்டார்கள். புரோட்டான் எலக்ட்ரானைப் போல் 1,836 மடங்கு கனம் என்பதுதான் அந்தப் பிரிவினைக்கு ஆதாரம்.

குவாண்டம் முறையில் தொட்டிலின் ஆட்டம் படிப்படியாக வரும்: பூஜ்யப் படி, முதல் படி, இரண்டாம் படி என்று. தரைநிலையில் (எலக்ட்ரான் தாவுவதற்கு முன்னுள்ள நிலை; தாவிய பின் உள்ளது கிளர்நிலை) பூஜ்யப் படியில் இருக்கும் அணுக்கரு ஒரு புள்ளியாக நிற்பதில்லை, சின்ன மணி வடிவ அலையாகப் பரவி இருக்கிறது. எலக்ட்ரான் தாவியதும் அதே அலை, வடிவம் மாறாமல், புதிய குழியின் மேல் வந்து உட்காருகிறது (குழி என்பது பிணைப்பு நீளத்துக்கு ஏற்ப ஆற்றல் ஏறி இறங்கும் வளைவு, அதன் அடிதான் தொட்டில் ஆடாமல் தொங்கும் மட்டம்). புதிய குழிக்குத் தனக்கென்று பூஜ்யம், ஒன்று, இரண்டு என்ற அலை வடிவங்கள் உண்டு. பழைய அலை புதிய வடிவம் ஒவ்வொன்றோடும் எவ்வளவு ஒத்துப்போகிறதோ, அந்த மேற்பொருந்தலின் வர்க்கம்தான் அந்தப் படிக்குப் போகும் உறிஞ்சலின் பங்கு. பிராங்க்–காண்டன் காரணி என்பது இதுதான்.

இரண்டு குழியின் விறைப்பும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால் கணக்கு மிக எளிது. கொக்கி நகர்ந்த தூரத்தை ஒரே எண்ணில் அடக்கலாம். அதற்கு ஹுவாங்–ரைஸ் காரணி என்று பெயர், 'எஸ்' என்று குறிப்பார்கள். பங்குகள் பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுப் பங்கீட்டில் விழும். எஸ் 0.1 என்றால் 90 சதவீதம் பூஜ்யப் படிக்கே போகும். ஒரே கூர்மையான முனை, பக்கத்தில் ஒரு சிறு குட்டி. எஸ் 1 என்றால் 37, 37, 18, 6 சதவீதம் என்று இறங்கும். எஸ் 5 என்றால் உச்சம் நாலாவது, ஐந்தாவது படிக்குப் போய்விடும். பூஜ்யப் படிக்குக் கிடைப்பது 0.7 சதவீதம்தான். ஸ்பெக்ட்ரத்தில் முனைகளின் உயர விகிதத்தைப் பார்த்தே பிணைப்பு எவ்வளவு நீண்டது என்று சொல்ல முடிவது இதனால்தான்.

இப்போது உங்கள் எண்ணெய்க்கு வருவோம். இந்த முனைகளைத் தருவது அதன் நிறப்பொருளான கரோட்டின். 474, 446, 422 மூன்றையும் அலை எண்ணாக மாற்றுங்கள் (1 கோடியை நானோமீட்டரால் வகுத்தால் போதும்). 21,100, 22,420, 23,700 செ.மீ⁻¹. இடைவெளி இரண்டும் ஏறத்தாழ 1,300. நானோமீட்டரில் 28, 24 என்று சமமில்லாமல் தெரிந்தது, ஆற்றலில் சமமாகிவிட்டது. அதிர்வுப் படிகள் என்பதற்கு அதுவே சாட்சி. 474 பூஜ்யப் படி, 446 முதல் படி, 422 இரண்டாம் படி. முதல் படி பூஜ்யத்தை விட உயரம் என்பதால் எஸ் ஒன்றைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. எஸ் 1.2 என்று போட்டால் 30, 36, 22 சதவீதம் வரும். முனைகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து ஏறியிருப்பதைக் கழித்துப் பார்த்தால் உங்கள் வளைவின் உயர ஒழுங்கும் அதுதான். தூய பீட்டா கரோட்டின் ஹெக்சேனில் 450, 478 அருகே முனை காட்டும். செம்பனையில் ஆல்ஃபா கரோட்டினும் நிறைய கலந்திருக்கிறது. அது சில நானோமீட்டர் நீலப்பக்கம் உறிஞ்சுவதால் கலவையின் உச்சம் 446 பக்கம் விழுகிறது.

இந்த 1,300 எந்த அதிர்வு? ராமன் ஸ்பெக்ட்ரத்தில் (சிதறும் ஒளியைக் கொண்டு அதிர்வுகளை அளப்பது) தேடினால் கரோட்டினுக்கு அந்த எண்ணில் பெரிய கோடு எதுவும் இல்லை. 1,525 அருகே கார்பன்–கார்பன் இரட்டைப் பிணைப்பு நீட்சியும், 1,160 அருகே ஒற்றைப் பிணைப்பு நீட்சியும் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தே படிப்படியாக ஏறுகின்றன. திரவத்தில் ஒவ்வொரு முனையும் அகலமாக இருப்பதால் தனித்தனியே பிரியாமல் இடைப்பட்ட ஒரு எண்ணாகத் தெரிகின்றன. ஏன் குறிப்பாக இந்த இரண்டு? கிளர்நிலையில் இரட்டைப் பிணைப்புகள் நீள்கின்றன, ஒற்றைப் பிணைப்புகள் சுருங்குகின்றன. கொக்கி நகர்வது அந்தத் திசையில். கார்பன்–ஹைட்ரஜன் நீட்சி 3,000 அருகே இருக்கிறது, ஆனால் அந்தப் பிணைப்பின் நீளம் ஏறக்குறைய மாறுவதே இல்லை, அதனால் அது ஸ்பெக்ட்ரத்தில் தலைகாட்டுவதில்லை. எந்த அதிர்வு தெரிகிறது என்று பார்த்தாலே மூலக்கூறு எந்தப் பக்கம் உருமாறியது என்று தெரிந்துவிடும். எலக்ட்ரான் தாவலைப் படிப்பதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இதுதான்.

முனைகள் சரியாக விழ எடுக்கும் முறையும் முக்கியம். எண்ணெயை 60–70 டிகிரியில் முழுதாக உருக்கிக் கலக்கிய பிறகே மாதிரி எடுங்கள். அடியில் ஸ்டியரின் (எண்ணெயின் கெட்டியாகும் பகுதி) உறைந்திருந்தால் மேலே கரோட்டின் கூடுதலாக வரும். 0.1 கிராம் நிறுத்து 25 மில்லி குடுவையில் ஐசோ-ஆக்டேனிலோ ஹெக்சேனிலோ கரைத்து மட்டம் கட்டுங்கள். 600 பிபிஎம் கரோட்டின் உள்ள எண்ணெய் 446-இல் சுமார் 0.63 காட்டும் (உறிஞ்சலை 383-ஆலும் 25-ஆலும் பெருக்கி, எடையின் நூறு மடங்கால் வகுத்தால் பிபிஎம்). 446-க்குக் கண்ணாடி குவெட் (மாதிரியை ஊற்றி ஒளியில் வைக்கும் சிறு கலம்) போதும், 269-க்குக் குவார்ட்ஸ் கட்டாயம். கண்ணாடியே அங்கே உறிஞ்சும், டோபி பொய்யாகக் குறையும். வளைவு முழுதும் நீலப்பக்கம் சரிவாக ஏறினால் ஈரமோ கரையாத கொழுப்போ கலங்கல் உண்டாக்குகிறது, மறுபடி சூடாக்கிக் கரையுங்கள். முனைகள் மழுங்கலாக இருப்பதற்கு உங்கள் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். 2 நானோமீட்டர் பிளவு (கருவி ஒரு நேரத்தில் உள்ளே விடும் அலைநீள அகலம்) 28 நானோமீட்டர் இடைவெளியை மறைக்காது. பீட்டா கரோட்டினின் இரு முனைகளிலும் உள்ள வளையங்கள் தளத்தை விட்டுத் திரும்பி நிற்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் கொஞ்சம் வேறு கோணத்தில் இருப்பதால் முனைகள் குழைகின்றன. வளையமே இல்லாத லைக்கோபீனைப் பாருங்கள்: தக்காளியையோ தர்ப்பூசணியையோ ஹெக்சேனில் இறக்கினால் 444, 470, 502 என்று மூன்றும் பல் வைத்தாற்போல் எழும்பும்.

அடுத்து, பாடப்புத்தகங்கள் அநேகமாக எல்லாமே செய்யும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். "ஒளியை உறிஞ்ச 10⁻¹⁵ நொடிதான் ஆகும், அதற்குள் அணுக்கருவுக்கு நகர நேரமில்லை" என்பார்கள். 446 நானோமீட்டர் ஒளியின் ஒரு அலைவுக்கு 1.5 ஃபெம்டோநொடி (ஒரு ஃபெம்டோநொடி என்பது அதே 10⁻¹⁵ நொடி), 1,525 செ.மீ⁻¹ அதிர்வுக்கு 22 ஃபெம்டோநொடி. எண்கள் சரி, காரணம்தான் பாதி. மிகக் குறுகிய அலைவரிசை கொண்ட லேசரால் ஒரே ஒரு அதிர்வுக் கோட்டை மட்டும் நானோநொடிக் கணக்கில் தொட்டுக்கொண்டே இருந்தாலும், அந்தக் கோட்டின் உயரத்தை அதே மேற்பொருந்தல்தான் தீர்மானிக்கிறது. அங்கே அணுக்கருவுக்கு ஆயிரம் முறை ஆட நேரம் இருந்தது. உண்மைக் காரணம், ஒளியின் மின்புலம் இந்தத் தாவலில் பிடித்து இழுப்பது எலக்ட்ரான்களை. அந்த இழுப்பு அணுக்கருவின் இடத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறுவதில்லை. அதனால் அணுக்கரு அலை அப்படியே புதிய குழிக்கு மாற்றி எழுதப்படுகிறது. தொட்டில் நிஜமாகவே குதிப்பதைப் பார்க்க வேண்டும் என்றால் அதிர்வை விடக் குறுகிய லேசர் துடிப்பு தேவை. அதைச் செய்துகாட்டியதற்காகத்தான் அகமது ஸிவெயிலுக்கு 1999-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. கிளர்ந்த அயோடின் மூலக்கூறு சுமார் 300 ஃபெம்டோநொடிக்கு ஒருமுறை நீண்டு சுருங்குவதை அந்த முறையில் எண்ண முடிந்தது.

அயோடினை எடுத்தது காரணத்தோடுதான். கரோட்டினில் குழைந்து தெரிவது அயோடின் ஆவியில் கோடு கோடாக விழும். தரைநிலையில் பிணைப்பு நீளம் 2.67 ஆங்ஸ்ட்ராம், கிளர்நிலையில் 3.02. பூஜ்யப் படி அலையின் அகலமோ சுமார் 0.035 ஆங்ஸ்ட்ராம்தான். கொக்கி அலையின் அகலத்தைப் போல் பத்து மடங்கு நகர்ந்துவிட்டது! பூஜ்யத்திலிருந்து பூஜ்யத்துக்குப் போகும் கோடு கண்ணுக்கே தெரியாது. உச்சம் முப்பதாவது படி பக்கம், 520–530 நானோமீட்டரில். 499-ஐத் தாண்டினால் மூலக்கூறு உடைந்து அணுக்களாகிவிடும், கோடுகள் அங்கே நெருங்கி நெருங்கி முடிந்துபோகும்.

உங்கள் கல்லூரி லேப்பில் செய்வதானால் 10 செ.மீ குவெட் கேளுங்கள். அறை வெப்பத்தில் அயோடின் ஆவியழுத்தம் 0.3 மி.மீ பாதரசம்தான், 1 செ.மீ குவெட்டில் உறிஞ்சல் 0.01 அளவில் நின்றுவிடும். இரண்டு மூன்று பரல் போட்டு இறுக மூடி, 40 டிகிரிக்குச் சூடாக்குங்கள். குவெட்டின் இரு முனைக் கண்ணாடிகள் அதன் நடுக் குழாயை விடக் குளிர்ந்திருந்தால் அயோடின் அங்கே படியும், அடிக்கோடு ஏறிக்கொண்டே போகும். கருவிக்குப் பக்கத்தில் மூடியைத் திறக்கவே கூடாது, உலோகத்தை அரிக்கும். பிளவு 0.2 நானோமீட்டர், 0.1 இடைவெளியில் மெதுவாக 500 முதல் 620 வரை. இங்கே பிளவு உயிர்நாடி. 27, 28, 29-ஆம் படிக் கோடுகள் 541.2, 539.0, 536.9 என்று 2.2 நானோமீட்டர் இடைவெளியில் வரும். 2 நானோமீட்டர் பிளவில் வெறும் மேடுதான் மிஞ்சும். அந்த மூன்றையும் நங்கூரமாக வைத்து மற்றவற்றுக்கு எண் போடுங்கள். 550-க்கு மேல் போகப் போக ஒரு குழப்பம் வரும்: அறை வெப்பத்திலேயே முதல் படியில், பூஜ்யப் படியில் இருப்பதைப் போல் 36 சதவீத மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றின் கோடுகள் 213 செ.மீ⁻¹ தள்ளி இன்னொரு வரிசையாகக் குறுக்கே விழும். இரண்டு வரிசையையும் ஒன்றாக எண்ணிவிடுவதுதான் இந்தச் சோதனையில் வழக்கமாக நடக்கும் பிழை. அதே அயோடினை ஹெக்சேனில் கரைத்தால் நிறம் அதே ஊதா, ஆனால் கோடு ஒன்றுகூட இருக்காது. சுற்றியுள்ள கரைப்பான் மூலக்கூறுகள் மோதிக் கலைத்துவிடும்.

ஒளிர்வு இதன் மறுபாதி. கிளர்நிலைக்குப் போன மூலக்கூறு திரவத்தில் சில பிக்கோநொடிக்குள் அதிர்வைக் கரைப்பானுக்குக் கொடுத்துவிட்டுப் புதிய குழியின் அடிக்கு வந்துவிடும். அங்கிருந்து ஒளியை விட்டு இறங்கும்போதும் தாவல் நேர்க்குத்தாகத்தான். அதனால் தரைநிலைக் குழியின் ஓரத்தில் விழுகிறது. வெளிவரும் ஒளி உறிஞ்சியதை விடச் சிவப்பாக இருப்பதும், இரண்டு வளைவும் கண்ணாடிப் பிம்பம் போல் அமைவதும் இதனால்தான். கொக்கி நகர்வு சிறிதானால் இந்த விலகலும் சிறிது. வீட்டு முற்றத்து முருங்கை இலை ஒரு பிடியை நசுக்கி, தூய அசிட்டோனில் ஊறவைத்துப் பஞ்சில் வடிகட்டுங்கள். நோட்டு சோதிக்கும் ஊதா டார்ச்சை இருட்டில் பக்கவாட்டில் காட்டினால் பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். குளோரோபில் 662-இல் உறிஞ்சி 668 பக்கம் ஒளிர்கிறது. வெறும் சில நானோமீட்டர் விலகல். அதனாலேயே சாறு அடர்த்தியானால் ஒரு மூலக்கூறு விட்ட ஒளியைப் பக்கத்து மூலக்கூறே விழுங்கிவிடும், ஒளிர்வு மங்கும், 680-க்கு மேல் தள்ளிப்போகும். ஒளிரவில்லை என்று இன்னும் இலையைப் போடாதீர்கள், அசிட்டோன் ஊற்றி நீர்க்கச் செய்யுங்கள்.

அந்த டார்ச்சை உங்கள் கரோட்டின் கரைசலில் காட்டினால் ஒன்றும் தெரியாது. கரோட்டின் அப்படி ஆழமாக உறிஞ்சியும் ஒளிர்வதில்லை. பார்ன்–ஓப்பன்ஹைமர் பிரிவினை உடையும் இடம் இது. கரோட்டின் உறிஞ்சிப் போவது இரண்டாம் கிளர்நிலைக்கு. முதல் கிளர்நிலையின் சமச்சீர்மை தரைநிலையைப் போன்றதே என்பதால் ஒளி அங்கே நேராக ஏற்றிவிட முடியாது. இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு 200 ஃபெம்டோநொடிக்குள் இறங்கிவிடுகிறது, அந்த ஆற்றல் முழுதும் அணுக்கரு அசைவாகிறது. இங்கே அசைவு விளைவாக நிற்கவில்லை, தாவலுக்கே அதுதான் காரணம். பென்சீனிலும் அணுக்கருதான் வழி திறக்கிறது. 262.6 நானோமீட்டரில் வரவேண்டிய பூஜ்யக் கோடு சமச்சீர்மையால் தடைப்பட்டிருக்கிறது. வளையம் ஒரு பக்கம் நசுங்கும் அதிர்வு சேர்ந்தால்தான் தாவல் அனுமதிக்கப்படும்; அப்புறம் வளையம் முழுதும் மூச்சுவிடுவது போன்ற 920 செ.மீ⁻¹ படிகள் 259, 253, 247, 242 என்று தொடரும்.

ஒளியில்லாமல் இறங்குவதற்கும் மேற்பொருந்தல்தான் விலை சொல்கிறது. அலமாரியில் போடும் அந்துருண்டையின் நாப்தலீனை மிகக் குளிர்வித்தால் அதன் மும்மை நிலை (இரண்டு எலக்ட்ரான்களின் சுழற்சி ஒரே திசையில் நிற்கும் கிளர்நிலை) சுமார் 2 நொடி ஒளிரும். ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் போட்டால் அது 20 நொடி அளவுக்கு நீளும். எலக்ட்ரான் அமைப்பு ஒன்றேதான். 3,000 செ.மீ⁻¹ படிகள் 2,200 ஆகச் சுருங்கியதால் அதே ஆற்றலைக் கொட்ட அதிகப் படிகள் வேண்டியிருக்கிறது, அந்த உயரப் படிகளோடு மேற்பொருந்தல் மிகமிகச் சிறிது.

உங்கள் எண்ணெயிலேயே இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். கரோட்டினைச் சூடாக்கினால் சங்கிலியின் சில இரட்டைப் பிணைப்புகள் வளைந்து சிஸ் வடிவம் எடுக்கும். வடிவம் வளைந்ததும் சமச்சீர்மை தளர்ந்து, நேர் வடிவத்தில் தடைப்பட்டிருந்த ஒரு தாவல் 340 நானோமீட்டர் அருகே புதிய மேடாக எழும்பும். கூடவே 446 உச்சம் கொஞ்சம் தாழ்ந்து நீலப்பக்கம் நகரும், முனைகளுக்கு நடுவிலுள்ள பள்ளமும் தூர்ந்துவிடும். ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மூடிய குழாயில் காற்றுப் படாமல் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, இரண்டையும் ஒரே நீர்ப்பில் 300 முதல் 520 வரை ஓட்டி ஒன்றின் மேல் ஒன்றாக வரையுங்கள். காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றப் பொருள்கள் 300-க்குக் கீழிருந்து சரிவாக ஏறி அந்த மேட்டை மூடிவிடும், ஆகவே குழாயைக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள், குவெட் குவார்ட்ஸாகவே இருக்கட்டும்.